பெருங்களத்தூரில் பிறந்த கார்! "ஸ்டாண்டர்டு" ஓடிய கதை, நின்ற கதை

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போகிறவர்களுக்குப் பெருங்களத்தூர் என்றதும் நினைவுக்கு வருவது இரண்டு. ஒன்று, டிராபிக் ஜாம். இன்னொன்று, ஊருக்குப் போகிற பஸ்சுக்காக ராத்திரி வேளையில் மூட்டை முடிச்சோடு காத்துக் கிடந்த கூட்டம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு அந்தக் கூட்டமும் கொஞ்சம் தெற்கே நகர்ந்துவிட்டது.

ஆனால் வயதில் மூத்த தாம்பரம்வாசிகளைக் கேட்டால் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார்கள்.

"ஸ்டாண்டர்டு கம்பெனி!"

ஆம். இன்று "ஸ்ரீராம் கேட்வே" என்ற பெயரில் கண்ணாடிக் கட்டிடங்கள் நிற்கின்றனவே, கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு பிள்ளைகள் ஷிப்டுக்குப் போகிறார்களே, அந்த மண்ணில் ஒரு காலத்தில் கார் செய்தார்கள். வேன் செய்தார்கள். ஹூண்டாய் வருவதற்கு முன்பு, போர்டு வருவதற்கு முன்பு, மாருதி என்ற பெயரே காதில் விழுவதற்கு முன்பு.

அந்தக் காரின் பெயர் ஸ்டாண்டர்டு. வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

"ஸ்டாண்டர்டான" பெயர்

முதலில் பெயரைப் பார்த்துவிடலாம். இங்கிலாந்தில் கவன்ட்ரி என்ற ஊரில் ரெஜினால்டு மாட்ஸ்லே என்பவர் 1903ல் தொடங்கிய கம்பெனி, ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. அப்போது "ஸ்டாண்டர்டு" என்றால் தரத்துக்கு அளவுகோல் என்று அர்த்தம். போகப் போக வெள்ளைக்காரர்கள் ஊரிலேயே அந்த வார்த்தை இறங்கிப் போனது. "டீலக்ஸ்" என்றால் ஒசத்தி, "ஸ்டாண்டர்டு" என்றால் சாதா என்று ஆகிவிட்டது. 1961ல் கம்பெனி லேலண்டு கைக்கு மாறியது. 1963ல் பிரிட்டனில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் கார் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். "டிரையம்ப்" என்ற பெயர் மட்டும் தொடர்ந்தது.

ஆனால் பெருங்களத்தூரில்?

பெருங்களத்தூரில் அந்தப் பெயர் மேலும் 25 வருடம் ஓடியது! பிறந்த வீட்டில் அழிந்து, புகுந்த வீட்டில் வாழ்ந்த பெயர். நம்ம கடைத்தெருவில் இன்றைக்கும் "ஸ்டாண்டர்டான சரக்கு" என்றால் நல்ல சரக்கு என்றுதானே அர்த்தம்? வெள்ளைக்காரர்கள் விட்ட அர்த்தத்தை நாம் விடவில்லை.

1948 என்பது மெட்ராசுக்கு மோட்டார் வருடம். வடக்கே எண்ணூரில் பிறகு அசோக் லேலண்டு ஆன அசோக் மோட்டார்ஸ் அந்த வருடம்தான் தொடங்கியது. ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தருவதுதான் அதன் முதல் வேலை. அதே 1948ல்தான் தெற்கே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா கம்பெனியும் தொடங்கியது. யூனியன் கம்பெனி மோட்டார்ஸ் என்ற மெட்ராஸ் நிறுவனமும் கவன்ட்ரிக்காரர்களும் சேர்ந்து போட்ட பிள்ளையார் சுழி. முதலில் வந்தது "வான்கார்டு" என்ற பெரிய கார். முதுகு உருண்டு, ஆமை மாதிரி இருக்கும். 1955 வாக்கில் "ஸ்டாண்டர்டு 8", "ஸ்டாண்டர்டு 10" என்று சின்னக் கார்கள் வந்தன.

மூன்றே மூன்று

இன்று கார் வாங்கப் போகிறவருக்கு எதை வாங்குவது என்று தலை சுற்றும். அன்று அந்தக் கவலையே கிடையாது. கல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் அம்பாசிடர். பம்பாய் குர்லாவில் பியட். மெட்ராசில் ஸ்டாண்டர்டு. அவ்வளவுதான் நாடு!

எத்தனை கார் செய்யலாம் என்று அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்கும். என்ன விலைக்கு விற்கலாம் என்றும் ஒரு கட்டத்தில் அரசாங்கமே சொன்னது. பணத்தைக் கட்டிவிட்டு வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். கார் புக் செய்தபோது பள்ளிக்கூடம் போன பையன், கார் வரும்போது காலேஜ் போவான் என்று அந்தக் காலத்தில் கிண்டல் செய்வார்கள்.

மூன்று பேரில் ஸ்டாண்டர்டு சின்னவர். ஆனால் அழகர்!

அம்பாசிடர் குண்டு மனிதர். பியட் சிக்கனமான குமாஸ்தா. ஹெரால்டு மட்டும் மாப்பிள்ளை மாதிரி இருந்தது. காரணம், அதை வரைந்தவர் ஜியோவானி மிக்கலோட்டி என்ற இத்தாலிக்காரர். மூக்கு நீண்டு, பக்கவாட்டில் கோடு இழுத்து, பின்பக்கம் மெல்லிசாக வால் எடுத்த உருவம். இங்கிலாந்தில் 1959ல் டிரையம்ப் ஹெரால்டு என்று வந்தது. 1961ல் நம்மிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று வந்தது. எஞ்சின் சின்னதுதான், 948 சி.சி. பின்னால் வந்த மாருதி 800ஐ விட (796 சி.சி.) கொஞ்சம் பெரிது.

பானெட்டைத் தூக்கினால்...

ஹெரால்டை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்காத விஷயம் ஒன்று உண்டு. அதன் பானெட்.

மற்றக் கார்களில் பானெட் என்றால் எஞ்சின் மேல் ஒரு மூடி. ஹெரால்டில் முன்பக்கம் முழுவதுமே பானெட்! இரண்டு பக்க மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து, முதலை வாயைப் பிளப்பது போல முன்னோக்கிச் சாயும். உள்ளே எஞ்சின், ஸ்டியரிங், முன் சக்கரம், ஸ்பிரிங் எல்லாம் வெட்ட வெளிச்சம். மெக்கானிக் காருக்குள் தலையை நுழைத்துத் தொங்க வேண்டாம். டயர் மேல் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். "எல்லாமே கண்ணுக்கு முன்னால நிக்குது சார், எதுக்குப் பயம்?" என்று மெக்கானிக்குகள் தைரியம் சொல்ல வசதியான கார்.

அடுத்தது, திருப்பம். 25 அடி இடம் இருந்தால் போதும், ஹெரால்டு ஒரு வட்டம் அடித்துவிடும். லண்டன் டாக்சிக்கு நிகரான வளைவு என்று பெயர் வாங்கிய கார். குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துச் சந்துகளில் கார் வைத்திருப்பவரைக் கேளுங்கள், இதன் அருமை புரியும். நாலு தடவை ரிவர்ஸ், அஞ்சு தடவை பர்ஸ்ட் கியர், நடுவில் காய்கறி வண்டிக்காரரின் திட்டு என்ற கதையே இல்லை.

இந்தக் கார் இப்படி அமைந்ததற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கவன்ட்ரிக்காரர்களுக்குக் கார் பாடி செய்து கொடுத்துவந்த பிஷர் அண்டு லட்லோ என்ற கம்பெனியை 1953ல் போட்டியாளரான பி.எம்.சி. வளைத்துப் போட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்து தர ஆள் இல்லை. என்ன பண்றது? பழைய காலம் போலத் தனியாக ஒரு இரும்பு சேஸிஸ் செய்தார்கள். பாடியைத் துண்டு துண்டாக வேறு வேறு இடத்தில் செய்து, போல்ட் போட்டு முடுக்கினார்கள். வேறு வழியில்லாமல் செய்த ஏற்பாடு!

அதுவே பெருங்களத்தூருக்குக் கை கொடுத்தது. துண்டு துண்டான கார் என்றால் பெட்டியில் கட்டிக் கப்பலில் அனுப்பலாம், இங்கே பூட்டலாம். ஒவ்வொரு துண்டாக இங்கேயே செய்யவும் பழகலாம். அப்படித்தான் இறக்குமதிப் பாகம் குறைந்து, உள்ளூர்ப் பாகம் கூடியது. ஒரு மட்கார்டு நசுங்கினால் அதை மட்டும் கழற்றி டிங்கரிங் செய்யலாம் என்பது கார்க்காரருக்கு லாபம்.

பாட்டி ஏறுவது எப்படி?

குறை இல்லாத கார் உண்டா? ஹெரால்டுக்கும் இருந்தது.

முதலில் வந்த ஹெரால்டுக்கு இரண்டே கதவு. இங்கிலாந்தில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் முன்னால் உட்கார்ந்து போவார்கள், சரி. இங்கே கல்யாணத்துக்குக் கிளம்பினால் பட்டுச் சேலை கட்டிய பாட்டி, அத்தை, அத்தைக்கு மடியில் ஒரு குழந்தை என்று பின் சீட்டில்தானே கூட்டம்? முன் சீட்டை மடக்கி, குனிந்து, வளைந்து உள்ளே போவதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும்!

இதற்குப் பெருங்களத்தூர்க்காரர்கள் கண்ட பதில்தான் நான்கு கதவு ஹெரால்டு. 1960களின் கடைசியில் "மார்க் 3" என்று வந்தது. இதில் பெருமைப்பட விஷயம் உண்டு. நாலு கதவு ஹெரால்டை இங்கிலாந்தில் செய்யவே இல்லை. உலகத்திலேயே அதைச் செய்தது நம்ம ஊர் கம்பெனிதான். சாமான் ஏற்ற வசதியாகப் பின்பக்கம் நீண்ட "கம்பேனியன்" வண்டியும் வந்தது.

இன்னொரு குறை, பின் சக்கரம். ஹெரால்டில் நான்கு சக்கரமும் தனித்தனியாகத் துள்ளும். சொகுசுதான். ஆனால் வளைவில் வேகமாகத் திருப்பினால் பின் சக்கரம் உள்பக்கமாக மடங்கப் பார்க்கும். ஆள் கூட ஏறினால் பின் சக்கரம் இரண்டும் காலை அகட்டி நிற்பது போல நிற்கும். நம்ம ரோடும் அப்போது அப்படி. அம்பாசிடர் பள்ளத்தில் விழுந்து எழுந்து போய்க்கொண்டே இருக்கும். ஹெரால்டுக்கு அந்த முரட்டுத்தனம் கிடையாது. டாக்சிக்காரர்கள் அம்பாசிடர், பியட் பக்கமே நின்றார்கள். டாக்சி பிடிக்காத கார் எண்ணிக்கையில் எப்படி ஜெயிக்கும்?

மான் பெயரில் ஒரு கார்

1972ல் ஹெரால்டையே கொஞ்சம் மாற்றி, முகத்தைத் திருத்தி "கெஸல்" என்று விட்டார்கள். கெஸல் என்றால் மான். வண்டலூரில் மிருகக்காட்சி சாலை வந்து மான்கள் வருவதற்கு முன்பே பக்கத்தில் ஒரு மான் வந்துவிட்டது! பின் சக்கரத் தகராறுக்கும் இதில் வைத்தியம் செய்தார்கள். மற்றக் கார்கள் போலக் கெட்டியான ஆக்சில் போட்டார்கள்.

நேரம் சரியில்லை. 1973ல் அரபு நாடுகளின் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் விலை எகிறியது. கார் வைத்திருந்தவரே வெளியே எடுக்க யோசித்த சமயத்தில் புதுக் கார் யார் வாங்குவார்? கெஸல் தட்டுத் தடுமாறி 1977 வரை ஓடியது. பிறகு கார் செய்வதையே கம்பெனி நிறுத்தியது.

வேன் மட்டும் தொடர்ந்தது. "ஸ்டாண்டர்டு 20" என்று ஒரு மூக்குச் சப்பை வேன். இதுவும் இங்கிலாந்தில் செய்வதை 1968ல் நிறுத்திய வண்டிதான். அச்சு முதற்கொண்டு இங்கே வந்து சேர்ந்தது. அவர்கள் கழித்துப் போட்டதை வாங்கி இங்கே 1980கள் வரை ஓட்டினார்கள்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அன்னியச் செலாவணி இல்லாத நாடு. புது மாடலுக்கு அச்சு செய்யப் பணம் இல்லை, அனுமதியும் லேசில் கிடைக்காது. அம்பாசிடர்காரரும் பியட்காரரும் அதே கதிதான். ஆனால் கழித்துப் போட்டதை வாங்கியே பழகிய கை, கடைசியில் அதே பழக்கத்தால்தான் சுட்டுக்கொண்டது.

1985: வண்டலூரில் இரண்டு திறப்பு

1985 ஜூலையில் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. மூர்மார்க்கெட் பக்கத்தில் இருந்த சிங்கமும் புலியும் காட்டுக்குள் குடி வந்தன. மெட்ராசே திரண்டு போய்ப் பார்த்தது.

அதே 1985ல் பக்கத்துப் பெருங்களத்தூரிலும் ஒரு புலி வந்தது. பெயர் "ஸ்டாண்டர்டு 2000".

சும்மா சொல்லக்கூடாது, பார்க்க அப்படி ஒரு கார்! நீளமான மூக்கு, சரிந்த முதுகு. இங்கிலாந்தின் "ரோவர் எஸ்.டி.1" என்ற காரின் உடம்பு அது. 1976ல் அங்கே வந்து, 1977ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய கார். வரைந்தவர் டேவிட் பாஷ். பெராரி ஸ்போர்ட்ஸ் காரின் சாயல் இருக்கிறது என்பார்கள். அம்பாசிடர் பக்கத்தில் இது போய் நின்றால் ராஜா பக்கத்தில் தாத்தா நிற்பது போல இருக்கும். விலை 2 லட்ச ரூபாயைத் தாண்டியது. 1983 டிசம்பரில் மாருதி 800 விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 50 ஆயிரத்தை ஒட்டித்தான். அதாவது ஒரு ஸ்டாண்டர்டு 2000 வாங்குகிற பணத்தில் நாலு மாருதி வாங்கலாம்.

எட்டு வருடம் காரே செய்யாத கம்பெனி எடுத்து வைத்த எடுப்பு இது. தாம்பரம் வட்டாரமே நிமிர்ந்து பார்த்தது.

டிராக்டர் எஞ்சின்

கோளாறு பானெட்டுக்குள் இருந்தது.

இங்கிலாந்தில் இந்த ரோவருக்குப் பெரிய எஞ்சின் போட்டார்கள். உயர்ந்த மாடலில் 8 சிலிண்டர், 155 குதிரைச் சக்தி. பெருங்களத்தூரில் போட்டது 4 சிலிண்டர், 83 குதிரைச் சக்தி. அதுவும் எது? 1947ல் வந்த வான்கார்டு காரின் எஞ்சின் வழிவந்தது! அந்தக் குடும்பத்து எஞ்சின் அந்தக் காலத்தில் பெர்குசன் டிராக்டரிலும் ஓடியது. உழுவதற்குக் கெட்டி. குறை சொல்ல முடியாது. ஆனால் 1985ல் 2 லட்சம் கொடுத்து வாங்குகிறவர் வயலிலா ஓட்டப் போகிறார்?

உடம்பு கனம். எஞ்சின் கிழம். வேகம் எடுக்காது, பெட்ரோல் குடிக்கும். கம்பெனி சொன்ன மைலேஜ் கணக்கும் ரோட்டில் கிடைத்த கணக்கும் பொருந்தவில்லை என்று புகார் கிளம்பியது. 2 லட்சம் கொடுத்தவர் சும்மா இருப்பாரா? பெயர் கெட்டது.

இதே நேரத்தில் மற்றவர்கள் செய்ததைப் பாருங்கள். அம்பாசிடர்காரர்கள் 1984ல் "கான்டெசா" விட்டார்கள். அவர்களும் இதே தவறைத்தான் செய்தார்கள், புது உடம்பில் அம்பாசிடரின் பழைய எஞ்சின். ஆனால் தப்பைத் திருத்திக்கொண்டார்கள். சில வருடத்தில் ஜப்பானின் இசுசு எஞ்சினைப் போட்டார்கள். கான்டெசா 2002 வரை ஓடியது. பியட்காரர்கள் 1985லேயே "118 என்.இ." காரை ஜப்பானின் நிசான் எஞ்சினோடுதான் விட்டார்கள். மாருதியே ஜப்பான் சுசுகிதான். எல்லாரும் ஜப்பான் பக்கம் திரும்பியபோது ஸ்டாண்டர்டு மட்டும் கவன்ட்ரியின் பழைய இரும்பையே பிடித்துக்கொண்டிருந்தது.

சின்னக் கடைக்காரருக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. பெட்டியை மாற்றிப் பழைய மிட்டாயைப் போட்டால் ஒரு தடவை விற்கும். இரண்டாவது தடவை?

மூன்று வருடம். சில ஆயிரம் கார்கள். 1988ல் எல்லாம் நின்றது.

கேட்டில் பூட்டு

ஒரு கார் நின்றுபோனால் கார்க்காரருக்கு நஷ்டம் ஒரு கார். தொழிற்சாலை நின்றுபோனால்?

தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கத்தில் "ஸ்டாண்டர்டுல வேலை" என்றால் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள் என்று சொல்கிற பெரியவர்கள் இன்றும் உண்டு. மாதச் சம்பளம், பி.எப்., போனஸ், வீட்டு மனைக்குக் கட்டும் தவணை என்று அதை நம்பிப் போட்ட கணக்கு எத்தனையோ. லேத் பிடித்த கை, வெல்டிங் வைத்த கை, பெயின்ட் அடித்த கை. நாற்பது வயதில் கேட்டில் பூட்டைப் பார்த்தவனுக்குப் புது வேலை யார் கொடுப்பார்? அந்தச் சமயத்தில் இங்கே ஹூண்டாய் இல்லை, போர்டு இல்லை. தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலம் 1984ல்தான் வந்திருந்தது. ஒரகடம் வெறும் ஏரியும் வயலும்.

ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது 1990களின் பிற்பகுதியில். மறைமலை நகருக்குப் போர்டு வந்ததும் அப்போதுதான். பத்து வருடம் தள்ளி வந்த பஸ். அதில் ஏற வேண்டியவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருக்கும்.

அந்தப் போர்டு என்ன ஆனது என்பதும் தாம்பரத்துக்குத் தெரியும். 2021ல் கடையைக் கட்டுவதாக அறிவித்தார்கள். 2022ல் மறைமலை நகரில் கடைசிக் கார் வெளியே வந்தது. அதே ஜி.எஸ்.டி. ரோடு. பெருங்களத்தூரில் இருந்து மின்சார ரயிலில் சில ஸ்டேஷன் தள்ளி. இந்தத் தடவை கார் மோசமில்லை, எஞ்சினும் பழசில்லை, விற்பனைதான் போதவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்திருக்காது.

கப்பல் ஏறிய சாமான்

பூட்டிய ஸ்டாண்டர்டு தொழிற்சாலைக்குள் என்ன இருந்தது?

18 வருடம் கழித்து, 2006ல் சாமான்களை ஏலம் விட்டார்கள். உள்ளே ஸ்டாண்டர்டு 2000க்காகச் செய்து வைத்த புது உதிரிபாகங்கள் குவியலாகக் கிடந்தன. பேப்பர் பிரிக்காத சாமான். வாங்க யார் வந்தார்கள் தெரியுமா?

இங்கிலாந்துக்காரர்கள்!

லிங்கன் என்ற ஊரில் ரிம்மர் பிரதர்ஸ் என்று பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு உதிரிபாகம் விற்கும் கம்பெனி இருக்கிறது. அங்கே ரோவர் எஸ்.டி.1 காரை இன்னும் பிள்ளை மாதிரி வைத்துப் பராமரிக்கிறவர்கள் உண்டு. 1986லேயே அந்தக் கார் அங்கே நின்றுவிட்டதால் பாகம் கிடைக்காமல் தவித்தவர்கள். பெருங்களத்தூரில் சரக்கு இருக்கிறது என்று தெரிந்ததும் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள்.

1940களின் கடைசியில் அங்கிருந்து பெட்டி பெட்டியாக இங்கே வந்தது. 2006ல் இங்கிருந்து பெட்டி பெட்டியாக அங்கே போனது. இன்று இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிழவர் தன் ரோவருக்கு மாட்டியிருக்கிற ஒரு கதவோ, மட்கார்டோ தாம்பரம் பக்கத்துத் தொழிலாளி ஒருவர் செய்ததாக இருக்கலாம். அவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

அதற்குப் பிறகு நிலம் கை மாறியது. ஷெட்டுகள் போயின. ஐ.டி. கட்டிடங்களும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்தன. ஷிப்டு மட்டும் அன்று போல இன்றும் இருக்கிறது. அன்று எண்ணெய்க் கறை, இன்று ஏ.சி.

வீட்டு ஷெட்டில் இருக்கிறதா?

கூட இருந்த மற்ற இருவரும் இப்போது இல்லை. பியட்டாகப் பிறந்த பிரீமியர் பத்மினி, 2000ஐ ஒட்டி நின்றுபோனது. அம்பாசிடர் 2014 வரை இழுத்துப் பிடித்தது. 2017ல் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பெஷோ வாங்கியது. பெயருக்கே 80 கோடி! ஸ்டாண்டர்டு என்ற பெயரைக் கேட்டு யாரும் பெருங்களத்தூருக்கு வரவில்லை.

ஆனாலும் ஹெரால்டுகள் அங்கங்கே இருக்கின்றன. சென்னையில் பழைய கார் ஊர்வலம் நடக்கும்போது பெரிய அமெரிக்கக் கார்களுக்கு நடுவே ஒன்றிரண்டு ஹெரால்டு தலை காட்டும். கூட்டம் பளபளக்கும் பியூக்கையும் செவர்லேயையும் பார்த்துப் படம் எடுக்கும். வயதானவர்கள் மட்டும் ஹெரால்டு பக்கம் ஒதுங்கி, "எங்க டாக்டர் வச்சிருந்தார்", "எங்க பெரியப்பா வச்சிருந்தார்" என்று பேச்சைத் தொடங்குவார்கள். யாராவது பானெட்டைத் தூக்கிக் காட்டச் சொல்வார்கள். கார்க்காரரும் சந்தோஷமாகத் தூக்கிக் காட்டுவார்.

செம்பாக்கம், சேலையூர், சிட்லபாக்கம் பக்கத்துப் பழைய வீடுகளில் யாராவது தாத்தா காலத்து ஹெரால்டைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தால், அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சமாசாரம் ஒன்று இருக்கிறது. பழைய இரும்புக்கு எடைக்குப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. முதல் பதிவு ஆகி 50 வருடம் தாண்டிய இரு சக்கர, நாலு சக்கர வண்டிகளை "வின்டேஜ்" என்று தனியாகப் பதியலாம். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. புதிதாகப் பதியக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். 10 வருடம் செல்லும். பிறகு புதுப்பிக்க 5 ஆயிரம். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்கு அடுத்து "வி.ஏ." என்று வரும். ஏற்கெனவே பதிவு உள்ள வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தினமும் ஆபீசுக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்ட முடியாது, வாடகைக்கு விட முடியாது. கண்காட்சி, ஊர்வலம், ரிப்பேர், பெட்ரோல் போடுவது, இதற்குத்தான் ரோட்டில் எடுக்கலாம்.

1961ல் இருந்து வந்த ஹெரால்டுகள் எல்லாம் 50ஐத் தாண்டிவிட்டன. முதலில் வந்த கெஸல்களும் தாண்டிவிட்டன. ஸ்டாண்டர்டு 2000 வைத்திருப்பவர்கள் 2035 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை ஆர்.சி. புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள். பாகம் தேவைப்பட்டால் புதுப்பேட்டையில் தேடிப் பார்க்கலாம். அங்கே கிடைக்காவிட்டால் லிங்கனுக்குத்தான் எழுத வேண்டும்.